செய்திக்கும் ஒரு நேரம் வேண்டும்

செய்தி விற்றுச் சீவித்தவன் நான். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கொழும்பில் பத்திரிகை ஆசிரியபீடங்களில் இருந்து, அந்தச் சம்பளத்திலேயே பிள்ளைகளையும் படிப்பித்தவன். அப்படிப்பட்டவன் "செய்தியைக் குறையுங்கள்" என்று கூறுவது, கள்ளுக்கடைக்காரன் மதுவிலக்குப் பேசுவது போலச் சிலருக்குத் தோன்றலாம். தோன்றட்டும். கள்ளில் எவ்வளவு தண்ணீர் கலக்கப்படுகிறது என்பது கடைக்காரனுக்குத்தானே தெரியும்!

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோனது. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த நாம், இரவு 9.15க்குப் பிபிசி தமிழோசை கேட்பதற்காகச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலியை இயக்கினோம். அரை மணித்தியாலம் மட்டுமே. பின்னர் அயலவர்கள் முற்றத்தில் இருந்து, கேட்டதை அலசுவார்கள். காலையில் கொப்பித் தாளில் அச்சான பத்திரிகை வரும். அவ்வளவுதான். அதனால் நாட்டு நடப்பு அறியாதவர்களாகவா இருந்தோம்? உயிர் தப்புவதற்கு வேண்டிய அனைத்தையும் அறிந்தே இருந்தோம்.

இன்று நிலைமை என்ன? ரொறன்ரோவில் வாழும் என் ஒன்றுவிட்ட தமையனார் 2009இன் முதல் ஐந்து மாதங்களையும் கணினியின் முன்னாலேயே கழித்தவர். அன்று அதற்கு நியாயம் இருந்தது. வன்னியில் அவருடைய இரத்த உறவுகள் அகப்பட்டிருந்தன. போர் முடிந்தது, பழக்கம் முடியவில்லை. 2022 ஜூலையில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். அவருக்கு நள்ளிரவு, எனக்குக் காலை ஒன்பதரை. "காலி வீதியில் துப்பாக்கிச் சூடாம், வெளியே போகாதே" என்றார். "அண்ணை, பெற்றோல் இல்லாமல் அந்த வீதியால்தான் இப்போது நடந்து வந்தேன். ஒன்றுமில்லை, நீங்கள் படுங்கள்" என்றேன். அவர் உறங்கியிருக்க மாட்டார்.

உடனுக்குடன் அறிவதே முழுமையாக அறிவது என்பது எங்கள் தொழில் பரப்பிய பொய். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளை நினைத்துப் பாருங்கள். இறந்தோர் தொகை மணிக்கு மணி ஏறி 359 என்று அறிவிக்கப்பட்டது. நான்கு நாள்களின் பின், ஏப்ரல் 25 அன்று, சுகாதார அமைச்சு அதனை 253 ஆகக் குறைத்தது. இரவு பகலாகத் திரையைப் பார்த்திருந்தவர் நூறு மரணங்களைக் கூடுதலாகச் சுமந்தார். நிதானமாகப் பத்திரிகை படித்தவர் எதையும் இழக்கவில்லை.

மறுபுறம், "செய்தியே வேண்டாம், கண்ணை மூடித் தியானம் செய்யுங்கள்" என்று போதிப்போரும் பெருகிவிட்டார்கள். அவர்களுடனும் எனக்கு உடன்பாடில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரம் அமர்ந்தார்கள். அதை அறியாதிருப்பதன் பெயர் அமைதியல்ல. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தாய்மாரை மறக்கச் செய்வதும் இந்த ஓயாத செய்தி வெள்ளந்தான். ஆயிரமாவது நாளாகவும் அதே இடத்தில் அமர்ந்திருப்பவர் 'உடனடிச் செய்தி' ஆவதில்லை. நடிகரின் விவாகரத்து ஆகிவிடுகிறது. நாள் முழுதும் செய்தி பார்க்கும் எத்தனை பேருக்கு அந்தத் தாய்மாரைத் தெரியும்?

ஆகவே நான் சொல்வது துறவு அல்ல, ஒழுங்கு. காலையில் ஒருதடவை, இரவில் ஒருதடவை. ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம். படித்ததை ஒரு மனிதரோடு பேசுங்கள். படுக்கையறைக்குக் கைத்தொலைபேசியைக் கொண்டுசெல்லாதீர்கள். உண்மையிலேயே உங்களைப் பாதிக்கும் செய்தியாயின், ஊரிலிருந்து யாராவது அழைத்துச் சொல்வார்கள். எஞ்சிய நேரத்தில் நித்திரை கொள்ளுங்கள்.

என் தமையனாருக்கும் இதையேதான் சொன்னேன். "நீ பத்திரிகைக்காரன், உனக்கென்ன, உனக்கு எல்லாம் முதலிலேயே தெரிந்துவிடும்" என்றார். எங்களுக்கும் முதலில் தெரிந்தது பெரும்பாலும் பிழையாகவே இருந்தது என்பதை அவர் இன்னும் நம்பவில்லை.