முதல் நடவுக்கு நிலம், மறுநடவுக்கு யார்?

நிலமில்லாதவனுக்கு நிலம் கொடுத்துவிட்டால் வறுமை தீர்ந்துவிடும் என்று மேடையில் பேசுவது சுலபம். பேராக், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் எனக்கு ஐந்து ஏக்கர் செம்பனை இருக்கிறது. தோட்டத்தில் பால்மரம் சீவிய அப்பாவும் அம்மாவும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய நிலம். எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள் படித்தது அதன் வருமானத்தில்தான். நிலத்தின் அருமையை எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தோட்டப் பயிர் செய்யும் சிறு விவசாயியின் கதி முடிவாவது இரண்டாவது நடவில். அதற்கான காசை முதல் குலை வெட்டும் நாளிலிருந்தே ஒதுக்கி வைக்காத எந்தத் திட்டமும் வறுமையை 25 ஆண்டுகளுக்குத் தள்ளிப் போடுகிறதே தவிர ஒழிப்பதில்லை.

செம்பனை நட்டு ஏறத்தாழ மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும். பத்து வயதில் நல்ல பலன். 25 வயதைத் தாண்டினால் குலை குறையும், மரமோ வானத்தைத் தொடும். நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து வெட்ட ஆள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் கூலி கூடுதல். எங்கள் கரையோரப் பகுதியில் அடித்தண்டு அழுகல் நோயும் சேர்ந்துகொள்கிறது. நேற்றுவரை நிமிர்ந்து நின்ற மரம் காற்றடித்தால் அல்லூர் வாய்க்காலில் விழுந்து கிடக்கும். வெட்டித் தள்ளிவிட்டுப் புதிதாக நட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். நட்ட பிறகு மூன்று ஆண்டு அடுப்பு எப்படி எரியும் என்பதுதான் தெரியாது. அதனால் கிழட்டு மரத்தையே வைத்துக்கொண்டு கிடைத்ததை வெட்டுகிறோம்.

நாட்டின் மிகப் பெரிய நில மேம்பாட்டுத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1956 ஜூலையில் பெல்டா தொடங்கப்பட்டது. முதல் குடியேற்றம் பகாங்கின் லூரா பீலுட்டில். காட்டை அழித்து, கன்று நட்டு, சாலை போட்டு, ஆலை கட்டி, குடும்பத்துக்குப் பத்து ஏக்கர் அளவில் நிலமும் வீட்டுமனையும் கொடுத்தார்கள். செலவைக் கடனாக எழுதி, வருமானத்திலிருந்து தவணையாகப் பிடித்தார்கள். 1990இல் புதிய குடியேற்றத்தை நிறுத்தும்வரை 1,12,635 குடும்பங்கள் இப்படி நிலம் பெற்றன. 1970இல் தீபகற்ப மலேசியாவில் வறுமை 49.3 விழுக்காடு, ரப்பர் சிறுதோட்டக்காரர்களிடையே 64.7 விழுக்காடு. அங்கிருந்து நாடு மேலே வந்ததில் பெல்டாவின் பங்கை யாரும் மறுக்க முடியாது. அதில் இந்தியக் குடும்பங்கள் மிகச் சில என்பது நம் சமூகத்தின் பழைய மனக்குறை. அது வேறு கட்டுரை.

மரங்களுக்கு வயதாகியபோதுதான் சோதனை வந்தது. மறுநடவுச் செலவும், குலை இல்லாத காலத்தில் வீட்டுச் செலவுக்குக் கொடுத்த முன்பணமும் குடியேற்றக்காரர் தலையில் கடனாக ஏறின. இதற்கிடையே 2012இல் பெல்டாவின் வணிக நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போனது. குடும்பத்துக்கு 15,000 ரிங்கிட் கையில் கிடைத்தபோது கொண்டாட்டம்தான். 4.55 ரிங்கிட்டுக்கு விற்ற பங்கு 2018 இறுதியில் 1 ரிங்கிட்டுக்கும் கீழே இறங்கியது. 2021இல் குடியேற்றக்காரர்களின் 8.3 பில்லியன் ரிங்கிட் கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. ஒரு தலைமுறைக்கு முன்பே வறுமையிலிருந்து மீண்டவர்கள் என்று நாம் காட்டிய குடும்பங்களுக்கே தள்ளுபடி தேவைப்பட்டது. அந்தத் தள்ளுபடியும் பெல்டாவுக்கு வெளியே சொந்தமாக நிலம் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்குக் கிடையாது.

மறுநடவின்போது வருமானம் நின்றுபோகும் இந்தச் சிக்கல் பெரிய தோட்டங்களுக்கு இல்லை. ஆண்டுக்கு ஒரு பகுதியாக மறுநடவு செய்வதால் மற்றப் பகுதிகள் காய்த்துக்கொண்டே இருக்கும். கூட்டுறவின் பலமும் இதுதான். 1950களில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வேலையும் லயத்து வீடும் இழந்து நின்றபோது, துன் வீ.தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி சேர்த்து 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அதன் முதல் கொள்முதல். நிலம் சங்கத்தின் பெயரில் இருந்தது; தொழிலாளி பங்குதாரர் ஆனார். தனித்தனிப் பட்டா கிடைக்கவில்லையே என்று குறைபடுபவர்கள் உண்டு. ஆனால் துண்டாடாமல் வைத்ததால்தான் தோட்டம் தன் வருமானத்திலேயே தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியும். ஐந்து ஏக்கர்காரிக்கு அந்த வசதி இல்லை.

மறுநடவுக்கென்று முன்கூட்டியே பிடிப்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1952இலேயே ஏற்றுமதியாகும் ரப்பர் மீது வரி வசூலித்து மறுநடவு நிதி ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதில் ஒரு கோளாறு இருந்தது. வரி எல்லாருடைய ரப்பரிலிருந்தும் போனது. மானியமோ மரத்தை வெட்டத் துணிந்தவர்களுக்குத்தான் வந்தது. ரப்பர் மரம் சீவத் தயாராக ஆறேழு ஆண்டு ஆகும். இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருந்தவன் எதை நம்பி வெட்டுவான்? ஏழை கட்டிய வரி, வசதியுள்ளவன் நிலத்தில் புதுக் கன்றாக முளைத்தது.

ஆகவே பொது நிதி வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும். மலேசியச் செம்பனை வாரியத்தின் உரிமம் இல்லாமல் இன்று ஒரு குலைகூட விற்க முடியாது. நிறுவையில் லாரி ஏறி இறங்கியதும் எடை ரசீது வந்துவிடுகிறது. அந்த ரசீதிலேயே டன்னுக்கு 20 ரிங்கிட் பிடித்து என் உரிம எண்ணில் வரவு வைக்கட்டும். ஐந்து ஏக்கரில் ஆண்டுக்கு 30 டன் என்று வையுங்கள், 600 ரிங்கிட். காய்க்கும் 22 ஆண்டுகளில் 13,200. அரசும் அதே அளவு போட்டால் 26,400, வட்டி தனி. மறுநடவின் முழுச் செலவுக்கும் இது காணாது. கடன்காரனிடம் போகாமல் வேலையைத் தொடங்க இது போதும்.

அண்மை வரவு செலவுத் திட்டங்களில் சிறுதோட்ட மறுநடவுக்குப் பாதி மானியம், பாதி கடன் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் அது ஆண்டுதோறும் அமைச்சர் மனம் வைத்தால் வருவது. தனிக் கணக்கு என் மரத்தோடு வளர்வது.

விலை விழும்போது பிடித்தால் வயிற்றில் அடிப்பதாகாதா? ஆகும். குறிப்பிட்ட விலைக்குக் கீழே போனால் பிடித்தம் கூடாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். அக்கம் பக்கத்து நிலக்காரர்கள் சேர்ந்து ஒரே நேரத்தில் மரம் தள்ளினால் இயந்திர வாடகை குறையும் என்பதால், குழுவாக வருபவர்களுக்கு முன்னுரிமை கொடுக்கலாம். கன்றுகளுக்கு இடையே வாழை போட்டு முதலிரண்டு ஆண்டைச் சமாளிக்கலாம் என்பது எங்கள் பகுதியில் பலருக்குத் தெரிந்ததுதான். வாழையை வாங்க ஆள் இருந்தால் போதும்.

“நீங்களே சேமிக்க வேண்டியதுதானே?” என்று பட்டணத்து உறவினர்கள் கேட்பார்கள். அவர்களில் ஒருவரும் தாமாகச் சேமித்தவர்களில்லை. சம்பளம் கைக்கு வருமுன்பே ஊழியர் சேமநிதி பிடித்துக்கொள்கிறது, முதலாளியும் தன் பங்கைப் போடுகிறார். சீவுகூலிகளாக இருந்தவரை என் பெற்றோருக்கும் அது இருந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆன அன்றே அந்தப் பாதுகாப்பு நின்றுவிட்டது. கூலிக்காரருக்குக் கொடுத்ததை நிலக்காரருக்கும் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு ஒரு வரி எழுத நிதியமைச்சுக்கு மனம் வந்தால், இன்று நடும் கன்றுக்காவது கணக்கு தொடங்கிவிடலாம்.