உச்சரிப்பு ஒரு குற்றமா?

ஒருவர் வாயைத் திறந்ததுமே அவர் எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று எடை போட்டு, அதற்கேற்ற இடத்தில் உட்கார வைக்கும் பழக்கம் எல்லா நாடுகளிலும் உண்டு. பிரிட்டனில் அது இன்னும் அதிகம். அந்த நாட்டில், பேச்சை மாற்றிக்கொள்ளாமலேயே உச்சிக்கு வந்தவர் நடிகர் மைக்கேல் கெய்ன்.

1933-ல் தெற்கு லண்டனில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் மாரிஸ் மிக்கிள்வைட். தந்தை பில்லிங்ஸ்கேட் மீன் மார்க்கெட்டில் சுமை தூக்கும் தொழிலாளி. தாயார் வீடுகளில் துப்புரவு வேலை பார்த்தவர். பதினாறு வயதில் பள்ளியை விட்ட மகன், ஒரு சினிமா கம்பெனியில் ஃபைல் அடுக்கும் குமாஸ்தாவாகவும் எடுபிடியாகவும் காலம் தள்ளினார். பிறகு கட்டாய ராணுவ சேவை. கொரியப் போர்முனையையும் பார்த்துத் திரும்பினார்.

அதன் பின் ஹார்ஷம் என்ற சிற்றூரின் நாடகக் குழுவில் மேடை உதவியாளர் வேலை. 1954-ல் தொழிலுக்காக வேறு பெயர் தேவைப்பட்டது. லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் டெலிபோன் கூண்டுக்குள் நின்று பேசிக்கொண்டிருந்தவர், எதிரே தியேட்டரில் ஓடிய ‘தி கெய்ன் மியூட்டினி’ படத்தின் பெயரிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டார்.

பெயர் மாறியது; நிலை மாறவில்லை. சுமார் பத்து ஆண்டுகள் துக்கடா வேடங்கள்தான். 1959-ல் ஒரு நாடகத்தில் பீட்டர் ஓ’டூலுக்கு மாற்று நடிகராகக் காத்திருந்து, பின்னர் வெளியூர் மேடைகளில் அதே வேடத்தை ஏற்றார்.

தடையாக நின்றது எது? ‘காக்னி’ எனப்படும் லண்டன் உழைப்பாளி மக்களின் பேச்சு. அப்படிப் பேசுகிறவர் வேலைக்காரனாக, சாதாரணச் சிப்பாயாக வரலாம். அதிகாரியாக வரக் கூடாது என்பது அக்கால எழுதாச் சட்டம்.

‘ஜூலு’ படத்திலும் அவர் சிப்பாய் வேடம் கேட்டுத்தான் போனார். அது வேறொருவருக்குப் போய்விட்டது. டைரக்டர் சை எண்ட்ஃபீல்டு அமெரிக்கர். கெய்னின் உயரத்தையும் முகத்தையும் பார்த்த அவர், பிரபுக் குடும்பத்து ராணுவ அதிகாரி வேடத்துக்குச் சோதித்தார். சோதனைப் படப்பிடிப்பு சுமாராகக்கூட அமையவில்லை. ஆனாலும் வேடத்தைக் கொடுத்தார். 1964-ல் படம் வெளிவந்தது. பிரிட்டிஷ் டைரக்டராக இருந்தால் தனக்கு அந்த வேடம் கிடைத்திருக்காது என்று கெய்னே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அடுத்து 1965-ல் ‘தி இப்கிரெஸ் ஃபைல்’, 1966-ல் ‘ஆல்ஃபி’. எந்தப் பேச்சு தடையாக இருந்ததோ அதே பேச்சைக் கேட்கத்தான் மக்கள் தியேட்டருக்கு வந்தார்கள். 1986-ம் ஆண்டுப் படத்துக்கும் 1999-ம் ஆண்டுப் படத்துக்குமாக இரண்டு ஆஸ்கார் பரிசுகள் பெற்றார். 2000-ல் ‘சர்’ பட்டம் வந்தபோது அதைத் தந்தையின் பெயரான மாரிஸ் மிக்கிள்வைட் என்ற பெயரிலேயே ஏற்றார். 2023-ல் தொண்ணூறு வயதில் நடிப்பிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார்.

‘திறமை இருந்தால் எப்படியும் மேலே வந்துவிடலாம்’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மை. பத்து ஆண்டுகளும் கெய்னிடம் திறமை இருக்கத்தான் செய்தது. பார்க்கும் கண்தான் இல்லை. பிறப்பைப் பற்றி உள்ளூர்க்காரர்கள் போடும் கணக்கு தெரியாத ஓர் அந்நியர் வந்து பார்க்க வேண்டியிருந்தது. அவர் வராமல் போயிருந்தால்? அப்படி யாரும் வந்து பார்க்காததால் சிப்பாய் வேடத்தோடு நின்றுபோனவர்கள் எத்தனை பேரோ!

பேச்சைக் கேட்டு ஆளை ஒதுக்குகிறவர்கள் இழப்பது சாமானியமானதல்ல. ஒதுக்கப்படுகிறவர் நாக்கைத் திருத்திக்கொண்டே காலத்தைக் கழிக்க வேண்டியதில்லை. தொழிலைக் கற்றுத் தயாராக இருக்கட்டும். திருந்த வேண்டியது கேட்பவரின் காது.