குறிஞ்சி என்று கூறுமுன்

மலையகத்தைப் பற்றிப் பேச எழும் நம்மவர் பலர், 'குறிஞ்சி நிலம்' என்றே தொடங்குகின்றனர். மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி எனப் படித்தோர்க்கு அஃது இயல்பே. ஹட்டனுக்கு அருகே லயமொன்றிற் பிறந்து வளர்ந்தவன் நான். தேயிலைத் தோட்டத்துக்கு அப்பெயர் பொருந்தாது என்பதே என் வாதம்.

குறிஞ்சி ஒரு செடி. நீலகிரியிலும் பழனி மலையிலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. அதன் பேரினத்தைச் சேர்ந்த செடிகள் நம் மலைநாட்டிலும் உள்ளன; சிங்கள மக்கள் அவற்றை 'நெலு' என்பர். ஆண்டுக்கணக்கிற் பூவின்றி வளர்ந்து, ஒருசேரப் பூத்து, விதை சிந்தி மடிவன அவற்றுட் சில. 2013இல் ஹோர்ட்டன் சமவெளியில் அவை பூத்தன. காடு எஞ்சிய இடத்திலேயே பூவும் எஞ்சியது.

ஏனைய மலைகளில் நிகழ்ந்தது என்ன? 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் துணையோடு காடுகள் அரசின் கைக்குச் சென்றன; கோப்பித் துரைமார் அவற்றை மலிவாகப் பெற்றனர். காடு வீழ்ந்த இடத்திற் பயிர் வளர்த்தவர் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் மூதாதையர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கியிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலையும் பூக்கும் மரமே. ஆயினும் கவ்வாத்து வெட்டி, இடுப்பளவில் நிறுத்தி, கொழுந்துக்காகவே அதை வளர்க்கின்றனர். பூவை வேண்டாத பயிர் மூடிய மலைக்குப் பூவின் பெயரா?

திணை என்பது புலவர் மரபு, தாவரக் கணக்கன்று என்பர் சிலர். நன்று, மரபையே நோக்குவோம். தினையும் தேனும் குறிஞ்சியின் கருப்பொருள்கள். அந்நில மக்கள் தம் புனத்தைத் தாமே காத்தனர். தோட்டத் தொழிலாளிக்குப் புனம் ஏது? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை தந்தது, காணி தரவில்லை. பின்னர் 7 பேர்ச் காணியே பெருங்கொடையாகப் பேசப்பட்டது.

'குறிஞ்சி' என்னும் அழகிய சொல் இந்த வறுமையை மறைக்கிறது. உண்மையான நெலுவையும் நம் கண்ணுக்கு மறைக்கிறது. ஆகவே, தமிழ் பயிலும் நண்பர்களே, மேடையில் குறிஞ்சி பாடுமுன் இரண்டைக் கேளுங்கள்: எஞ்சிய காட்டுக்குக் காவல், உழைப்பவர்க்குக் காணியுறுதி. தம் முற்றத்தில் தாம் விரும்பிய செடியை நட அவர்க்கு உரிமை கிடைக்கட்டும். அந்நிலத்துக்குரிய பெயரை அவரே இடுவார்.