குப்பைக்கும் வேண்டும் நீதி!

வளர்ச்சி என்கிறார்கள், தோழனே! வருமானம் பெருகுகிறது, வாணிபம் செழிக்கிறது என்கிறார்கள். அந்தச் செழிப்பின் எச்சம் யாரால் குவிகிறது என்பதைக் கூறினார்களா? உலக வங்கி 2018-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது: உலக மக்களில் 16 விழுக்காட்டினரே வாழும் செல்வ நாடுகள், உலகக் குப்பையில் 34 விழுக்காட்டைக் குவிக்கின்றன! நாடுகளுக்கிடையே உள்ள இந்த வேறுபாடு வீடுகளுக்கிடையேயும் உண்டு. மாளிகை அதிகம் வாங்குகிறது, அதிகம் கொட்டுகிறது. எனினும் மாளிகைக்கும் குடிசைக்கும் ஒரே குப்பைக் கட்டணம் விதித்தால், அதற்குச் சமத்துவம் என்றா பெயர்?

தென்கொரியா வேறு வழி கண்டது. உரிய பையை விலைகொடுத்து வாங்கி, அதிலேதான் குப்பையைப் போடவேண்டும் என்று 1995 ஜனவரியில் நாடெங்கும் விதித்தது. கொட்டுகிறவன், கொட்டிய அளவுக்குக் கொடுக்கிறான்! குப்பை குறைந்தது; மறுசுழற்சி பெருகிற்று.

அளவுகோல் வந்ததும் அநீதி அகன்றதா? இல்லை! வருமானம் பத்து மடங்கானால், குப்பை பத்து மடங்காவதில்லை. ஆகவே, அதே பையின் விலை செல்வருக்குச் சில்லறை; கூலியாளுக்குச் சுமை. அதனால்தான் அங்கே உள்ளாட்சிகள் பல, வறியோர்க்குப் பைகளை விலையின்றி வழங்குகின்றன.

கட்டணமே கூடாது என்பதல்ல நம் வாதம். அளந்து வாங்குக, இல்லாதவனிடம் வாங்காதிருக்க! வளர்ச்சியின் கனி மாளிகைக்கு, அதன் கழிவுக்கான கட்டணம் குடிசைக்கு என்றால், அது யாருடைய வளர்ச்சி? கேள், தோழனே, ஆள்வோர் செவியில் விழும்படி கேள்!