கண்டவர் யார், கேட்டவர் யார்?

எங்கள் குளங்களில் வாழும் பாலாமையை நீங்கள் அறிவீர்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த, ஓடு மட்டுமே 1 மீற்றரைத் தாண்டும் ஓர் ஆமையை மனதில் நினைத்துப் பாருங்கள். வியட்நாமின் ஹனோய் நகரிலுள்ள ஹோன் கீம் ஏரியில் அத்தகைய ஒன்று இருந்தது. 2011இல் சிகிச்சைக்காகப் பிடித்து நிறுத்தபோது 169 கிலோ! இத்தனை பெரிய பிராணி எப்படி ஒளியும் என்று கேட்பீர்கள். கலங்கிய நீரின் அடியில் கிடந்து, மூச்செடுக்க மட்டும் ஒரு கணம் தலை காட்டினால் யார் கண்ணில் படும்?

எனவே இவ்வினத்தைத் தேடியவர்கள் கிராமம் கிராமமாகச் சென்று மீனவர்களையும் பழைய வேட்டைக்காரர்களையும் விசாரித்தார்கள். விசாரிப்பது இலேசான காரியமல்ல. "இங்கே பெரிய ஆமை உண்டா?" என்று கேட்டால், வந்தவரின் மனம் நோகாதிருக்க "ஆம்" என்று சொல்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். பலவகை ஆமைகளின் படங்களை முன்னே வைத்து, எது தெரியும், ஊரில் அதற்கு என்ன பெயர், கடைசியாக எங்கே, எப்போது கண்டீர்கள் என்று கேட்பதே முறை. தலையில் மஞ்சள் புள்ளி இருந்ததா என்று நாமே எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. அது அவர் வாயிலிருந்து வர வேண்டும். கண்ணால் கண்டவரையும் பிறர் சொல்லக் கேட்டவரையும் பிரித்து எழுத வேண்டும். (வகுப்பறைச் சண்டைகளை விசாரிக்கும் எனக்கு இந்தச் சிரமம் நன்றாகவே தெரியும்.) சில வீடுகளில், எப்போதோ பிடிபட்ட ஆமையின் எலும்புகளும் இருந்தன. அவை பேச்சைவிட உறுதியான சாட்சி.

இத்தகைய தகவல்களே ஹனோய்க்கு மேற்கேயுள்ள டொங் மோ ஏரிக்கு வழிகாட்டின. அங்கே கரையில் காத்திருந்து, 2007இல் ஆமையைப் படம் பிடித்தார்கள். மறு வருடம் வெள்ளத்தில் அணை உடைய, ஆமை வெளியேறி மீனவர் ஒருவரின் கையில் அகப்பட்டது. விற்றால் பெரும் பணம். ஆனால் பலரும் சென்று பேசியதன் பின் அது ஏரிக்கே திரும்பியது. ஏரிக்கரை மக்களோடு முன்பே பழக்கம் இல்லாதிருந்தால் அந்தப் பேச்சு எடுபட்டிருக்காது என்பதே என் எண்ணம்.

அதன் பின் வந்தவை பெரும்பாலும் துக்கச் செய்திகள். ஹோன் கீம் ஆமை 2016இல் இறந்தது. சீனாவின் சூசோ மிருகக்காட்சிச்சாலையிலிருந்த பெண் ஆமை 2019இல் போனது; ஆண் துணையின்றி எஞ்சியது. 2020இல் டொங் மோவில் 86 கிலோ நிறையுள்ள பெண் ஒன்று பிடிபட்டு, பெண்தான் என உறுதியானபோது எல்லோருக்கும் நம்பிக்கை பிறந்தது. 2023 ஏப்ரலில் அதே ஏரியில் ஒரு பெண் ஆமை செத்து மிதந்தது.

ஏரித் தண்ணீரை எடுத்து, அதில் கலந்திருக்கும் மரபணுவைச் சோதித்து ஆமை உண்டா என்று அறியும் வழியும் வந்துவிட்டது. 2018இல் சுவான் கான் ஏரியில் அப்படித்தான் ஒன்று தெரிய வந்தது. ஆனால் நாட்டிலுள்ள எந்த ஏரியின் தண்ணீரைப் போத்தலில் எடுப்பது? அதை இன்னமும் மீனவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த ஆமை வலைகளில் நிறைய அகப்பட்ட காலத்தில் வாலிபராயிருந்தவர்களோ இப்போது முதியவர்கள்.