கதவைச் சாத்தமாட்டோம்

சென்ற மாதம் எங்கள் இதழுக்கு ஒரு கதை வந்தது. கரிசல் காட்டுக் கதை. ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் கதையில் வரும் அப்பத்தா சித்திரை மாதத்தில் பருத்தி விதைக்கிறாள். சித்திரையில் மானாவாரிக் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். விதைப்பு புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பித்தான். எழுதிய தம்பியை அழைத்துக் கேட்டோம். சற்றுத் தயங்கி, “அந்த இடம் மட்டும் ஏஐ எழுதிக் கொடுத்தது சார்” என்றார்.

“உங்கள் அப்பத்தா எப்படி விதைப்பார்?” என்று கேட்டோம். பஞ்சு ஒட்டிய விதையைச் சாணியைக் கரைத்து அதில் போட்டுத் தேய்ப்பாராம். எத்தனை முறை கழுவினாலும் அன்று அவர் கையில் சாணி வாசம் போகாதாம். அந்தக் கையால்தான் இவருக்குச் சோறு ஊட்டுவாராம். கால் மணி நேரம் பேசினார். அவர் எழுதியிருக்க வேண்டிய கதை அந்தப் பேச்சில் இருந்தது.

2023 பிப்ரவரியில், இயந்திரம் எழுதிய கதைகள் நூற்றுக்கணக்கில் குவிந்ததால் அமெரிக்க அறிவியல் புனைகதை இதழான ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ புதிய கதைகள் பெறுவதைச் சில வாரங்கள் நிறுத்திவைத்தது. அதன் ஆசிரியர் நீல் கிளார்க்கின் நெருக்கடி நமக்குப் புரிகிறது. ஆனால் கதவைச் சாத்தினால் முதலில் வெளியே நிற்பவர் புதிதாக எழுத வருபவர்தான். சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழுக்குத் திருகோணமலையிலிருந்து எழுதத் தொடங்கியபோது கவிஞர் தருமு சிவராமுவுக்கு வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும். அப்படிப்பட்ட தபாலுக்காகத்தான் சிற்றிதழ் நடத்துகிறோம்.

பிழையற்ற வாக்கியம் இனி எவருக்கும் நொடியில் கிடைக்கும். அதனால் எழுத்தாளரின் வேலை குறைந்துவிடவில்லை, கூடியிருக்கிறது. தான் கண்டதைச் சொல்ல வேண்டும், சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் சொல்லவும் வேண்டும். ஆசிரியரின் வேலையும் கூடியிருக்கிறது: கேட்க வேண்டும்.

அடுத்த இதழ் முதல், தேர்வாகும் ஒவ்வொரு படைப்பையும் எழுதியவருடன் பேசிய பிறகே அச்சுக்கு அனுப்புவோம். ஏஐயின் உதவி பெற்றிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பி யாரையும் குற்றவாளி ஆக்கமாட்டோம்.

தம்பி கதையைத் திருப்பி எழுதி அனுப்பிவிட்டார். நான்கைந்து ஒற்றுப்பிழைகள் இருந்தன, திருத்திக்கொண்டோம். அப்பத்தா இப்போது புரட்டாசியில் விதைக்கிறாள். இந்த இதழின் முதல் கதை அதுதான்.