வயிறு நிறைஞ்சா மட்டும் போதுமா?

"மாட்டுக்கும் மனக்கவலையா?"ன்னு ஊருக்கு வர்ற பட்டணத்துச் சொந்தக்காரங்க சிரிப்பாங்க. இருக்குன்னுதான் நான் சொல்லுவேன்.

எங்க சங்கரன்கோவில் பக்கம் மேய்ச்சலுக்கு ஓட்டிட்டுப் போக ஆள் இல்லைன்னு, கறவை மாட்டை ராவும் பகலும் தொழுவுலயே கட்டிப் போடுறது பழகிப்போச்சு. தீவனம் நேரத்துக்கு விழுது, பாலும் வருது. ஆனா புண்ணாக்கு வாசனைக்குத் தலை தூக்காத, கன்னுக்குட்டி கத்தினாலும் திரும்பாத மாட்டை என்னன்னு சொல்றது? முதல்ல காய்ச்சல், மடிநோய் இருக்கான்னு டாக்டர்கிட்ட காட்டணும். அதெல்லாம் இல்லைன்னா?

ஆராய்ச்சிக்காரங்க இதுக்கு எளிசா ஒரு சோதனை வெச்சிருக்காங்க. எலி முன்னால ஒரு பாட்டில் வெறுந்தண்ணி, ஒரு பாட்டில் சர்க்கரைத் தண்ணி. நல்லா இருக்கிற எலி சர்க்கரைத் தண்ணியைத்தான் தேடும். வாரக்கணக்குல மாத்தி மாத்தித் தொந்தரவு கொடுத்த எலிக்கு அந்த நாட்டமே குறைஞ்சிடும். நடுமூளையில இருந்து கிளம்பி 'இது வேணும்'னு தூண்டுற டோபமைன் பாதை சரியா வேலை செய்யாததுதான் இதுக்கு முக்கியமான காரணம்னு சொல்றாங்க.

பெங்களூரு நிமான்ஸ்ல செஞ்சு 2008-ல வெளியான ஆய்வு இன்னும் யோசிக்க வைக்குது. எலிகளைத் தினம் 6 மணி நேரமா 21 நாள் அசைய விடாம அடைச்சாங்க. மூளையில ஹிப்போகேம்பஸ்ங்கிற பகுதியில நரம்புக் கிளைகள் சுருங்கிச்சு, இடம் ஞாபகம் வெச்சுக்கிறதும் தடுமாறிச்சு. பிறகு, 1954-ல ஓல்ட்ஸும் மில்னரும் கண்டுபிடிச்ச வழியில, எலியே கட்டையை அமுக்கித் தன் மூளையோட இன்பப் பாதையைத் தூண்டிக்க விட்டாங்க. கிளைகள் திரும்பத் தழைச்சுது, ஞாபகமும் தேறிச்சு.

எலி வேற, மாடு வேற. அங்க நடந்தது அப்படியே இங்க நடக்கும்னு சொல்ல வரலை. ஆனா அந்தப் பாதை மாட்டு மூளையிலயும் இருக்கு, நம்ம மூளையிலயும் இருக்கு. அசைய விடாம வெச்சா அது கெடும், ஆசைப்பட்டது கிடைச்சா தேறும்னா, கட்டுத்தறியைப் பத்தி நாம கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

பெரிய செலவு ஒண்ணும் இல்லை. அறுப்பு முடிஞ்ச காட்டுல ஒரு மணி நேரம் அவிழ்த்து விடுங்க. அது தானா ஒரு செடியைத் தேடிக் கடிக்கட்டும். கழுத்தைச் சொறிஞ்சு விடுங்க. பக்கத்துல இன்னொரு மாடு நிக்கட்டும்.

நகரத்து நண்பர்களே, உங்க அடுக்குமாடி பால்கனியில விலை கூடின தீவனத்தோட தனியாக் கிடக்கிற நாய்க்கும் இதேதான். தட்டு நிறைஞ்சிருக்கான்னு மட்டும் பார்க்காதீங்க. நீங்க கதவைத் திறக்கும்போது வால் ஆடுதான்னும் பாருங்க.